கடைசி நேரத்தில் வந்த பயிற்சியாளர்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "தம்பி, நீ ஆஸ்திரேலியாவுல இருக்க, ஏதாவது டெக்னிக்கலா பேசு, இருபது நிமிஷம்" என்றார். சரி என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நிலக்கரி ஏற்றும் கன்வேயரைப் பற்றி இருபது நிமிடம் பேசினால், 2010-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவில் என்னோடு படித்தவர்களே முதலில் எழுந்து போவார்கள். அதனால் ரக்பி பற்றிப் பேசப் போகிறேன். டெக்னிக்கலாகவும் கொஞ்சம் வரும், அண்ணன் மன்னிக்க வேண்டும்.

நம்மில் பலருக்கு ரக்பி தெரியாது. எனக்கும் 2016-இல் பிரிஸ்பேனில் போய் இறங்கும் வரை தெரியாது. முட்டை வடிவப் பந்து, பதினைந்து பேர், எண்பது நிமிடம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிராளி கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் டிரை, அதற்கு 5 புள்ளி. பிறகு உதைத்துக் கம்பத்துக்கு நடுவே செலுத்தினால் இன்னும் 2. எதிராளி தப்புச் செய்தால் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3. ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் கைகோத்துக் குனிந்து எதிரில் இருக்கும் எட்டுப் பேரை முட்டித் தள்ள வேண்டும். ஒரு பக்கம் ஏறக்குறைய 900 கிலோ. பார்க்கிறவர்களுக்கு மஞ்சுவிரட்டு மாதிரி இருக்கும். ஆனால் அதில் கால் எங்கே வைப்பது, முதுகு எவ்வளவு வளைவது, யார் எந்த நொடியில் தள்ளுவது என்பதெல்லாம் கணக்கு. நம் அப்ளைட் மெக்கானிக்ஸ் சார் பார்த்திருந்தால் மூன்று மணி நேரப் பரீட்சைக்கே ஒரு கேள்வி வைத்திருப்பார்.

பத்தாம் எண் ஆட்டக்காரரை ஃப்ளை-ஹாஃப் என்பார்கள். அடுத்து ஓடுவதா, உதைப்பதா, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் அவர். அந்த இடத்தில் அனுபவம் இல்லாதவன் நின்றால் மற்ற பதினாலு பேரும் அவன் முகத்தையே பார்ப்பார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் சொல்ல வந்தது 2023-ஆம் ஆண்டு நடந்த கதை. பிரான்ஸில் அந்த செப்டம்பரில் உலகக் கோப்பை. அதற்கு ஒன்பது மாதம் இருக்கையில், 2022 டிசம்பர் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள், நாலு நாடுகளில் தலைமைப் பயிற்சியாளர் மாறினார்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஆஸ்திரேலியா, ஃபிஜி. பரீட்சைக்கு முந்தின மாதம் வாத்தியாரை மாற்றுவது மாதிரி. இதில் வேடிக்கை, இங்கிலாந்து வேண்டாம் என்று அனுப்பியவரையே ஆஸ்திரேலியா வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டது. அவர் பெயர் எடி ஜோன்ஸ்.

ஜோன்ஸ் சாதாரண ஆள் இல்லை. 2003-இல் ஆஸ்திரேலியாவை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். சிட்னியில் கூடுதல் நேரத்தில் 20-17 என்று இங்கிலாந்திடம் தோற்றார்கள். 2015-இல் ஜப்பானை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மாவட்ட அணி ஒன்று ரஞ்சி சாம்பியனை வீழ்த்தின மாதிரி. பிறகு இங்கிலாந்தை ஏழு வருடம் நடத்தினார். அவர் காலத்தில் அந்த அணி ஆடியதில் ஏறக்குறைய 73 சதவீதம் வெற்றி. வேறு எந்த இங்கிலாந்துப் பயிற்சியாளருக்கும் அந்தக் கணக்கு இல்லை. ஆனால் 2022-இல் மட்டும் 12 ஆட்டத்தில் 5 தான் ஜெயித்தார்கள். டிசம்பர் 6-ஆம் தேதி போகச் சொல்லிவிட்டார்கள்.

அப்போது ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர் டேவ் ரென்னி, நியூஸிலாந்துக்காரர். அவருக்கும் 2022 நல்ல வருடம் இல்லை. 14-இல் 5 வெற்றி. ஃப்ளாரன்ஸ் நகரில் இத்தாலியிடம் 28-27 என்று, வரலாற்றில் முதல் தடவையாக, தோற்றார்கள். ஆனால் கவனியுங்கள். அதே மாதத்தில் அயர்லாந்திடம் தோற்றது 13-10, பிரான்ஸிடம் தோற்றது 30-29. அந்த இரண்டும் அப்போது உலகத்தின் முதல் வரிசை அணிகள். கடைசி ஆட்டத்தில் வேல்ஸ் 34-13 என்று முன்னால் இருக்க, அங்கிருந்து எழுந்து 39-34 என்று ஜெயித்தார்கள். ஒரு இன்ஜினியர் இந்த எண்களைப் பார்த்தால் என்ன சொல்வான்? மெஷின் ஓடுகிறது, டாலரன்ஸில் கொஞ்சம் உதைக்கிறது என்பான். 2023 ஜனவரி 16-ஆம் தேதி ரென்னியை நீக்கி, ஜோன்ஸை ஐந்து வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். உலகக் கோப்பைக்கு எட்டு மாதம் கூட இல்லை.

இந்தச் செய்தி வந்த நாள் எங்கள் சைட் கேண்டீனில் ஒரே கொண்டாட்டம். "நம்ம ஆள் திரும்பி வந்துட்டார்" என்று. நான் மட்டும் டீயை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். காரணம், அதற்கு மூன்று மாதம் முன்புதான் என் சொந்தக் கதை ஒன்று முடிந்திருந்தது. அதை இங்கே சொல்லலாமா வேண்டாமா என்று விமானத்தில் வரும்போதெல்லாம் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். வெளியாள் யாரும் இல்லையே, எல்லாம் நம்ம ஹாஸ்டல் பயல்கள்தானே.

2022 மார்ச்சில், குயின்ஸ்லாந்தில் ஒரு நிலக்கரித் தளத்தில் கன்வேயர் அமைக்கும் புராஜெக்ட். ஆகஸ்டில் கமிஷனிங். வேலை ஐந்து வாரம் பின்தங்கி இருந்தது. கம்பெனி, கமிஷனிங் பொறுப்பில் இருந்த மூத்தவரை மாற்றிவிட்டு, அந்த இடத்தில் என்னைப் போட்டது. எனக்கு வயது 32. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னபோது கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டார். அந்த மூத்தவர் அதே வெள்ளிக்கிழமை டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு பென்டிரைவ் நிறைய ஃபைல் வைத்துவிட்டுப் போனார். நான் அவரோடு அரை மணி நேரம் உட்காரவில்லை. கேட்டால், மரியாதைக் குறைவாகப் போய்விடும், அவர் மனம் புண்படும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவர் தோற்றவர், நான் ஜெயிக்கப் போகிறவன், அவரிடம் எனக்கென்ன வேலை என்கிற திமிர்.

முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் மாற்றினேன். ஷிஃப்ட் முறையை, ரிப்போர்ட் எழுதும் விதத்தை, ஆட்களை. அவரோடு பல வருடம் வேலை பார்த்த இரண்டு ஃபிட்டர்கள் இருந்தார்கள், ஐம்பது தாண்டியவர்கள். எதற்கெடுத்தாலும் "இது இப்படித்தான்" என்பார்கள். அவர்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டேன். இளைஞர்களாக ஒரு டீம் அமைத்தேன். உற்சாகமான பையன்கள். அவர்கள் டிராயிங்கை வைத்து அளந்துகொண்டே வந்தபோது ஓர் இடத்தில் பதினைந்து இருபது ஐட்லர் ரோலர் ஃபிரேம்கள் டிராயிங்படி இல்லாமல் லேசாகச் சாய்ந்து இருந்தன. "சார், பழைய டீம் இதைக்கூட நேராக வைக்கல" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எல்லாவற்றையும் டிராயிங்படி நேராக்கச் சொன்னேன்.

ஆகஸ்டில் முதல் தடவையாக லோடு ஏற்றி ஓட்டினோம். பெல்ட் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஸ்டீல் சட்டத்தில் உரசி, நிறுத்துவதற்குள் விளிம்பு பல மீட்டர் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. இயந்திரவியல்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு தூணின் அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதனால் அந்தப் பக்கம் சரிந்த பெல்ட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரத்தான் அந்த இரண்டு பெரியவர்களும் ரோலர்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். டிராயிங்கில் இல்லை. பென்டிரைவில் இல்லை. அவர்கள் தலையில் இருந்தது. அவர்களை நான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிட்டேன்.

இதை இங்கேயே நிறுத்திவிட்டு ரக்பிக்குப் போகிறேன். மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஜோன்ஸுக்குப் பதிலாக வந்தவர் ஸ்டீவ் போர்த்விக். 2022 டிசம்பர் 19-ஆம் தேதி அறிவித்தார்கள். அதே அணியின் முன்னாள் கேப்டன். ஜப்பானிலும் இங்கிலாந்திலும் ஜோன்ஸின் உதவியாளராக இருந்தவர், பிறகு லெஸ்டர் கிளப்பைச் சாம்பியன் ஆக்கியவர். அதாவது உள்ளே என்ன இருக்கிறது, எந்த ரோலர் ஏன் சாய்ந்திருக்கிறது என்று அவருக்குப் பாதி தெரியும்.

அதற்காக அவர் வந்ததும் ஜெயித்துவிடவில்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மார்ச் மாதம் லண்டனில், சொந்த மைதானமான ட்விக்கன்ஹாமில், பிரான்ஸிடம் 53-10 என்று தோற்றார்கள். சொந்த மண்ணில் அவ்வளவு பெரிய தோல்வி அதற்கு முன் கிடையாது. ஆகஸ்ட் 26-ஆம் தேதி அதே மைதானத்தில் ஃபிஜியிடம் 30-22. உலகக் கோப்பைக்கு முன் போர்த்விக் நடத்திய 9 ஆட்டத்தில் 3 தான் வெற்றி. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஆனால் அந்த ஒன்பது ஆட்டத்தில் அவர் ஒன்றைத் தெரிந்துகொண்டார். இந்த அணியால் எட்டு மாதத்தில் அழகாக ஆட முடியாது. ஆகவே ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்வோம். பந்தை உயரமாக உதை, துரத்திப் போ, எதிராளியைத் தவறு செய்ய வை, 3 புள்ளி எடு. பார்க்கச் சலிப்பாக இருக்கும். எனக்கே தூக்கம் வந்தது.

செப்டம்பர் 9-ஆம் தேதி மார்செய்யில் அர்ஜென்டினாவோடு முதல் ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே டாம் கர்ரி என்ற ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டார், கடைசிவரை பதினாலே பேர். ஜார்ஜ் ஃபோர்ட் என்ற ஃப்ளை-ஹாஃப் அன்று உதைத்தே 27 புள்ளி எடுத்தார். 6 பெனால்டி, 3 டிராப் கோல். ஒரு டிரை கூட இல்லாமல் 27-10 என்று ஜெயித்தார்கள். முதல் ஃப்ளை-ஹாஃபான ஓவன் ஃபேரல் அன்று தடையில் இருந்தார். ஆனால் அந்த இடத்துக்கு இரண்டாவதாக ஓர் அனுபவசாலி கையில் இருந்தார். அதைப் பாருங்கள்.

அந்த இங்கிலாந்து அரையிறுதி வரை போனது. தென்னாப்பிரிக்காவோடு கடைசி இரண்டு மூன்று நிமிடம் வரை முன்னால் இருந்து, ஒரு பெனால்டி உதையில் 16-15 என்று தோற்றது. அந்தத் தென்னாப்பிரிக்காதான் கோப்பையை எடுத்தது. இங்கிலாந்துக்கு மூன்றாவது இடம்.

இப்போது ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். ஜோன்ஸ் ஜனவரியில் வந்தாலும், அவர் நடத்திய முதல் ஆட்டம் ஜூலை 8-ஆம் தேதி. தென் கோளத்தில் பருவம் அப்படி. பிப்ரவரியிலிருந்து ஆட்டக்காரர்கள் எல்லாம் கிளப் அணிகளில் இருப்பார்கள். காலண்டரில் எட்டு மாதம், கையில் இரண்டு மாதம். போர்த்விக்குக்கு ஒன்பது சோதனை ஓட்டம் கிடைத்தது, இவருக்கு ஐந்து. பிரிட்டோரியாவில் 43-12, சிட்னியில் அர்ஜென்டினாவிடம் 34-31, மெல்போர்னில் நியூஸிலாந்திடம் 38-7, டனீடனில் 23-20, பாரிஸில் 41-17. ஐந்தும் தோல்வி.

தோல்வி பெரிய விஷயம் இல்லை, இங்கிலாந்தும் தோற்றதுதான். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் ஜோன்ஸ் இன்னும் கொஞ்சம் பிரித்துப் போட்டார். ஆகஸ்ட் 10-ஆம் தேதி உலகக் கோப்பை அணியை அறிவித்தபோது, 125 ஆட்டம் ஆடிய மைக்கேல் ஹூப்பர் இல்லை. காயத்தில் இருந்தார், உண்மை. க்வேட் கூப்பரும் இல்லை. ரென்னி காலத்தில், 2021-இல், 33 வயதில் திரும்ப வந்து, கடைசி உதையில் தென்னாப்பிரிக்காவை வென்று கொடுத்தவர் அவர். ஃப்ளை-ஹாஃப் இடத்துக்கு என்றே இருந்தவர் ஒரே ஒரு இளைஞர், கார்ட்டர் கார்டன். சர்வதேச அணிக்கு முதன்முதலாக ஆடியதே ஒரு மாதம் முன்பு. அணி கிளம்பும் நேரத்தில் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளரும் விலகிப் போனார். புதிய கேப்டன் வில் ஸ்கெல்டன். ஜார்ஜியாவோடு ஜெயித்த முதல் ஆட்டத்துக்குப் பிறகு அவரும், ஸ்க்ரம்மின் தூணாக இருந்த தனியேலா டூப்போவும் காயத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த ஆட்டம் ஃபிஜியோடு. பிரிஸ்பேனில் நடுராத்திரி தாண்டி 1.45 மணி. ஃபிஜி என்றால் மொத்த ஜனத்தொகை பத்து லட்சத்துக்கும் குறைவு. அவர்களுக்கும் பயிற்சியாளர் புதுசுதான். வெர்ன் காட்டர் பிப்ரவரியில் விலகி, சைமன் ரைவாலுய் வந்திருந்தார். ஆனால் அவர் அந்த அணியின் பழைய கேப்டன், மாறும் வரை அதே சங்கத்தில் உயர்மட்ட ஆட்டப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அடுத்த அறையிலிருந்து இந்த அறைக்கு வந்தார், அவ்வளவுதான். ஃபிஜி 22-15 என்று ஜெயித்தது. 1954-க்குப் பிறகு ஆஸ்திரேலியாவை அவர்கள் வென்றது அன்றுதான். அறுபத்தொன்பது வருடம். என் அறையில் கூட இருந்த ஃபிஜிக்காரர் ஒருவர் சத்தம் போடாமல் அழுதார். நான் ஆஸ்திரேலியா பக்கம் இருந்தும் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஆட்டத்தில் கார்டனின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உதைத்த பந்து சரியாகப் போகவில்லை, எடுத்த முடிவு சரியாக வரவில்லை. இரண்டாவது பாதியில் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். வெளியே வந்து உட்கார்ந்தவர் பக்கத்தில் அந்த இடத்தில் பத்து வருடம் ஆடிய ஒருவர் உட்கார்ந்து, "பரவாயில்லடா" என்று தோளில் கை போடுவதற்கு இல்லை. என்னைக் கேட்டால் ஆஸ்திரேலியா அன்று தோற்றது மைதானத்தில் இல்லை, ஆகஸ்ட் 10-ஆம் தேதி காகிதத்தில்.

அடுத்த வாரம் லியோனில் வேல்ஸோடு. இங்கே திங்கட்கிழமை அதிகாலை 5 மணி, 6 மணிக்கு எங்களுக்கு ஷிஃப்ட். கேண்டீன் டிவி முன்னால் முப்பது பேர், தலையில் ஹெல்மெட்டோடு. 40-6. உலகக் கோப்பையில் அவ்வளவு பெரிய தோல்வி ஆஸ்திரேலியாவுக்கு அதற்கு முன் கிடையாது. மைதானத்தின் பெரிய திரையில் ஜோன்ஸின் முகம் வந்தபோது கூட்டம் ஊளையிட்டது. எங்கள் கேண்டீனிலும் ஊளையிட்டார்கள். ஜனவரியில் கைதட்டிய அதே ஆட்கள். 1987-இலிருந்து நடந்த பத்து உலகக் கோப்பையில், பிரிவுச் சுற்றைத் தாண்டாமல் ஆஸ்திரேலியா வெளியேறியது அதுதான் முதல் தடவை. 1991-லும் 1999-லும் கோப்பையை எடுத்த நாடு. ஐந்து வருட ஒப்பந்தக்காரர் அக்டோபர் கடைசியில் ராஜினாமா செய்தார். அவரைக் கொண்டுவந்த சங்கத் தலைவர் நவம்பரில் போனார்.

வேல்ஸ் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பழைய வெற்றிப் பயிற்சியாளர் வாரன் கேட்லண்டைத் திரும்பக் கூப்பிட்டார்கள், காலிறுதி வரை வந்தது, பரவாயில்லை. ஆனால் 2024 முழுவதும் 11 ஆட்டத்தில் ஒன்று கூட ஜெயிக்கவில்லை. கடனை வாங்கிக் கல்யாணம் பண்ணின மாதிரி ஆகிவிட்டது.

இங்கே நம் பேராசிரியர் ஒருவர் தலையாட்டுகிறார், எனக்குத் தெரிகிறது. "அப்படியானால் கடைசி நேரத்தில் மாற்றவே கூடாதா?" என்று. அப்படி இல்லை சார். அதே ஆஸ்திரேலியாவில் 2014 அக்டோபரில் இவென் மெக்கென்ஸி திடீரென்று ராஜினாமா செய்தார். உலகக் கோப்பைக்கு பதினோரு மாதம். மைக்கேல் செக்கா வந்தார். அவர் என்ன செய்தார்? அந்த அணியின் பெரிய பலவீனம் ஸ்க்ரம். அதற்கு அர்ஜென்டினாவின் மரியோ லெடெஸ்மாவைக் கொண்டுவந்தார். அடுத்து, வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுகிறவர்களை நாட்டுக்கு எடுக்கக் கூடாது என்ற விதி இருந்தது. 60 ஆட்டம் ஆடி, ஏழு வருடம் உள்நாட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். மாட் ஜிட்டோ, ட்ரூ மிட்செல் என்று முப்பது தாண்டிய இரண்டு பேர் பிரான்ஸிலிருந்து திரும்பி வந்தார்கள். அதாவது செக்கா ஃபிட்டர்களை அனுப்பவில்லை, அனுப்பப்பட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். 2015 உலகக் கோப்பையில் ட்விக்கன்ஹாமிலேயே இங்கிலாந்தை 33-13 என்று வென்று, அவர்களைப் பிரிவுச் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்க்ரம்மில் இங்கிலாந்தையே பின்னால் தள்ளினார்கள். இறுதி ஆட்டத்தில்தான் நியூஸிலாந்திடம் 34-17 என்று தோற்றார்கள்.

ஜோன்ஸுக்கு எதிராக நான் வழக்குப் பேசவில்லை. ரென்னி இருந்திருந்தால் கோப்பை வந்திருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அவருடைய மொத்தக் கணக்கு 34-இல் 13 வெற்றிதான். இளைஞர்களை வளர்க்க வேண்டும் என்று ஜோன்ஸ் சொன்னதும் தப்பு இல்லை. ஐந்து வருட வேலைக்கு அது சரியான திட்டம். எட்டு மாத வேலைக்கு அதைப் போட்டார். நானும் அதைத்தான் செய்தேன். ஆகவே அவர் முகத்தைத் திரையில் பார்த்து முப்பது பேர் ஊளையிட்டபோது எனக்கு மட்டும் வாய் வரவில்லை.

மிச்சக் கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. பெல்ட் கிழிந்த அன்று இரவு பத்து மணிக்கு அந்த மூத்தவருக்குப் போன் செய்தேன். அந்த ஊரில் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் அன்று வாயில் "சார்" வந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று சொன்னேன். ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு எந்தத் தூண், எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது, எந்த மழைக்குப் பிறகு இறங்கியது, எந்த ரோலரிலிருந்து எந்த ரோலர் வரை சாய்க்க வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். பத்து நிமிடம். பக்கத்தில் அவர் மனைவி டிவியைக் குறைப்பது கேட்டது. கடைசியில், ஐந்து மாதமாக நீ கூப்பிடுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு ஃபிட்டர்களையும் திரும்ப வரவழைத்தேன். ஒருவர் வந்தார். இன்னொருவர் வர மாட்டேன் என்றுவிட்டார், அது அவர் உரிமை. புது பெல்ட் துண்டு வந்து, ஜாயின்ட் போட்டு, அக்டோபரில்தான் ஓட்டினோம். எனக்கு முன்னால் இருந்தவர் ஐந்து வாரம் பின்தங்கியதற்காக அனுப்பப்பட்டார். நான் ஒன்பது வாரம் பின்தங்கினேன், என்னை யாரும் அனுப்பவில்லை. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

ஆஸ்திரேலியா இப்போது கொஞ்சம் கற்றுக்கொண்ட மாதிரி தெரிகிறது. 2024-இல் ஜோ ஷ்மிட் வந்தார். அவர் தொடர்ந்து இருக்க முடியாது என்றதும், 2025 ஏப்ரலிலேயே லெஸ் கிஸ் என்பவரை அடுத்தவராக அறிவித்தார்கள். 2026-இன் நடுவில் கைமாற்றம் என்று ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே தேதி குறித்தார்கள். 2027 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவில்தான். இருவரும் ஒரே மேஜையில் உட்கார நேரம் வைத்தார்கள்.

எனக்கும் ஒரு மேஜை வந்திருக்கிறது. லீவுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், இன்னொரு சைட்டில் பாதியில் நிற்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே இருப்பவர் போகிறார், வயது 58. எனக்கு அவரோடு இரண்டு வாரம் வேண்டும், அவருடைய ஆட்கள் யாரையும் மாற்றக் கூடாது என்று கேட்டேன். நாலு நாள் தருகிறோம் என்றார்கள். வருகிற திங்கட்கிழமை அதிகாலை பிரிஸ்பேன் இறங்கி, நேரே அங்கேதான் போகிறேன். அவருக்கு நம் ஊர் முறுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. அம்மா இரண்டு டப்பா கட்டி வைத்திருக்கிறார்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார்.